பாடிப் போகிறவரின் பாதை

கபடியில் ரைடரின் வேலை 30 விநாடி வேலை. எதிரணிக் களத்துக்குள் தனி ஆளாகப் போக வேண்டும். மூச்சு விடாமல் ‘கபடி கபடி’ என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அங்கே காத்திருக்கும் ஏழு பேரில் யாரையாவது தொட்டுவிட்டு, பிடிபடாமல் நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். தென் மாவட்டங்களில் இதைப் ‘பாடிப் போவது’ என்பார்கள். இந்த 30 விநாடி வேலையைத் தொழிலாகக்கொண்டு சம்பாதிக்கலாம் என்ற நிலை, 2014 ஜூலையில் புரோ கபடி லீக் தொடங்கிய பிறகே வந்தது. அதற்கு முன்பு ஒரு ரைடர் எதிர்பார்க்கக்கூடிய பெரிய பரிசு ஓர் அரசு வேலை. இன்றும் பெரும்பாலோருக்கு அதுதான் பரிசு.

அந்த வாழ்க்கை எங்கே தொடங்குகிறது, எந்த இடத்தில் குறுகுகிறது என்பதை ஒரு பயணத்தடத்தில் வைத்தே பார்த்துவிடலாம். விருதுநகரிலிருந்து ஆமத்தூர், திருத்தங்கல் வழியாகச் சிவகாசி. அங்கிருந்து சாத்தூர், கோவில்பட்டி, திருநெல்வேலி தாண்டித் தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி. பிறகு விருதுநகருக்கே திரும்பி, இரவு ரயிலில் சென்னை.

விருதுநகரில் சிவகாசி பஸ் ஏறினால், ஊரைத் தாண்டியதும் கரிசல் வந்துவிடுகிறது. மானாவாரி நிலங்கள், இடையிடையே சீமைக்கருவேலங் காடு, அதற்குள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகளாகப் பட்டாசு ஆலைகள். ஓர் அறையில் தீப்பிடித்தால் அடுத்த அறைக்குப் பரவக்கூடாது என்பதற்காகத்தான் அந்த இடைவெளி. ஆமத்தூர் இந்தச் சாலையில் இருக்கும் ஊர். சுற்றுக் கிராமங்களுக்கு இதுதான் பஸ் ஏறும் இடம், டீ குடிக்கும் இடம், புகார் கொடுக்கப் போகும் காவல் நிலையமும் இங்கேதான். வெளியூர்க்காரர்கள் இந்த ஊரின் பெயரைச் செய்தித்தாளில் படிப்பது பெரும்பாலும் வெடிவிபத்துச் செய்தியில்தான். இந்தப் பக்கத்து வீடுகளில், பிள்ளை ஆலைக்குப் போகாமல் வேறு எந்த வழியிலாவது கரையேறினால் போதும் என்ற நினைப்பு எவ்வளவு ஆழமானது என்பதற்கு அந்தச் செய்திகளே போதுமான சாட்சி. கபடியும் அப்படிப்பட்ட ஒரு வழியாகவே இங்கே பார்க்கப்படுகிறது. இதைப் பொழுதுபோக்கு என்று மட்டும் எழுதிவிட்டுப் போனால் பாதி உண்மைகூட வராது.

பட்டாசு வேலை பகல் வெளிச்சத்தில் நடக்கும் வேலை. மருந்து கலப்பதை வெயில் ஏறுவதற்கு முன்பே முடிக்கப் பார்ப்பார்கள். மாலையில் ஆலை வேன்கள் ஆட்களை ஊரில் இறக்கிவிட்ட பிறகு, இருட்டுவதற்குள் கிடைக்கும் கொஞ்ச நேரம்தான் பையன்களின் பயிற்சி நேரம். தீபாவளி முடிந்து ஆலைகள் சில வாரம் மூடிக் கிடக்கும்போதும், அடுத்து வரும் பொங்கல் சமயத்திலும் களங்களில் கூட்டம் கூடிவிடும்.

கரிசலில் அப்படியே ஆட முடியாது. கோடையில் வெடித்துக் கிடக்கும், மழையில் காலைப் பிடித்து இழுக்கும். அதனால் களத்துக்கு இடம் ஒதுக்கிய ஊர்களில் செம்மண்ணோ மணலோ அடித்துப் பரப்பி, கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்துக் காலால் மிதித்துச் சமன் செய்கிறார்கள். கயிறு கட்டி, அதன் ஓரமாகச் சுண்ணாம்புப் பொடி தூவிக் கோடு போடுகிறார்கள். ஆண்கள் களத்தின் அளவு 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நீளவாட்டில் இரு ஓரத்திலும் ஒரு மீட்டர் அகலத்துக்கு லாபி. நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பால்க் கோடு. அதிலிருந்து இன்னும் ஒரு மீட்டர் தள்ளி போனஸ் கோடு. பாடிப் போகிறவர் யாரையும் தொடாவிட்டால், பால்க் கோட்டையாவது தாண்டிவிட்டுத் திரும்ப வேண்டும். இல்லையென்றால் அவர் அவுட். எதிரே ஆறு பேரோ ஏழு பேரோ நிற்கும்போது ஒரு காலைத் தூக்கிக்கொண்டு மறு காலைப் போனஸ் கோட்டுக்கு அப்பால் ஊன்றினால் ஒரு புள்ளி. சுண்ணாம்புக் கோடு ஆட்டம் சூடுபிடித்ததும் அழிந்துவிடும். பிறகு காலடித் தடத்தை வைத்துத்தான் சண்டை.

வெறுங்காலோடு ஆடும் இந்த மண்ணில்தான் ரைடரின் உடம்பு உருவாகிறது. நல்ல ரைடர் நேராக உள்ளே போவதில்லை. நடுக்கோட்டைத் தாண்டியதும் ஒரு பக்கம் சாய்ந்து, இடது கார்னரில் நிற்பவரைப் பார்த்துக்கொண்டே வலது பக்கம் நகர்வார். கார்னர் என்பவர் களத்தின் கடைக்கோடியில் நிற்கும் பிடிகாரர். கணுக்காலைப் பிடிப்பதே அவர் வேலை. அவர் பாயும் முன்பு முன்காலில் எடை மாறுவது தெரியும். அந்த ஒரு கணத்தை ரைடர் கண்டுபிடித்தால் கால் பெருவிரல் நுனியால் தொட்டுவிட்டுத் திரும்பலாம். கண்டுபிடிக்கத் தவறினால் கணுக்கால் பிடிபடும், அடுத்த கணம் கார்னருக்கு உட்புறம் நிற்கும் கவர் ஆட்டக்காரர்கள் இரண்டு பேர் கை கோத்துக்கொண்டு இடுப்பில் வந்து விழுவார்கள். பிடிபட்ட பிறகும் ஆட்டம் முடிந்துவிடுவதில்லை. மூச்சு அறாமல் இருக்கும்வரை, விரல் நுனி நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால், தன்னைப் பிடித்த அத்தனை பேரும் அவுட். ஒரே பாட்டில் மூன்று, நான்கு புள்ளி வருவது இப்படித்தான்.

ரைடரின் வாழ்க்கையை நிர்ணயிக்கும் விதி ஒன்று உண்டு. பிடிபட்ட ரைடர் வெளியே உட்கார வேண்டும். தன் அணி எதிரணியில் ஒருவரை அவுட் ஆக்கும்போதுதான், வெளியேறிய வரிசைப்படி ஒருவர் உள்ளே வர முடியும். பெரிய ரைடரை ஆட்டத்தின் தொடக்கத்திலேயே பிடித்து உட்கார வைத்துவிட்டால் பாதி வெற்றி என்று எதிரணி நினைப்பது இதனால்தான். ஊர் ஆட்டத்திலேயே ஒரு பையனுக்கு இது பழக்கமாகிவிடும். எல்லாரும் அவனையே குறி வைப்பார்கள், பிடிபட்டால் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து மற்றவர்களின் ஆட்டத்தை நம்பி இருக்க வேண்டும். தனி ஆளாக உள்ளே போகிறவனின் நேரம் மற்ற ஆறு பேர் கையில்தான் இருக்கிறது.

திருத்தங்கல் மலையின் நின்றநாராயணப் பெருமாள் கோயிலைக் கடந்தால் சிவகாசி. தீப்பெட்டி, பட்டாசு, அச்சு மூன்றும் இந்த ஊரின் தொழில்கள். 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்ததிலிருந்து இந்த வரலாறு தொடங்குகிறது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அச்சடிக்க வந்த இயந்திரங்கள் பிறகு நாட்டுக்கே காலண்டர் அடித்துக் கொடுத்தன. கபடிப் பயணத்திலும் அச்சுக்கு ஓர் இடம் இருக்கிறது. ‘மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி’ என்று கொட்டை எழுத்தில் தொடங்கும் சுவரொட்டிகள்தான் ஊர் ரைடருக்கு வேலை அழைப்பு. முதல் பரிசு எவ்வளவு, சுழற்கோப்பை யார் நினைவாக, நுழைவுக் கட்டணம் எவ்வளவு, எத்தனை கிலோ எடைப் பிரிவு, எந்தக் கோயில் பொங்கலை முன்னிட்டு என்பதெல்லாம் அதில் இருக்கும். பரிசு கொடுப்பவர்களின் படங்களே சுவரொட்டியில் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இந்த இரவுப் போட்டிகள்தான் ரைடரின் முதல் சந்தை. நான்கு மூலையிலும் கம்பம் நட்டு விளக்கு கட்டி, ஒலிபெருக்கியில் வர்ணனையோடு விடிய விடிய நடக்கும். ஊர் அணிக்கு ஆள் குறைந்தால் பக்கத்து ஊரிலிருந்து கெட்டிக்கார ரைடரைச் சாப்பாடும் பயணச் செலவும் கொடுத்துக் கூட்டி வருவார்கள். ஜெயித்தால் பரிசில் பங்கு உண்டு. எடைப் பிரிவுப் போட்டிகளுக்கு முன்னால் பையன்கள் ராத்திரிச் சாப்பாட்டைத் தவிர்ப்பதும், தராசில் ஏறும் முன்பு ஓடி வியர்வை சிந்துவதும் நடக்கிறது. வளரும் உடம்புக்கு இது நல்லதல்ல. உடற்கல்வி ஆசிரியர் பக்கத்தில் இருக்கும் பையனுக்கு அதைச் சொல்ல ஆள் உண்டு, இல்லாதவனுக்கு இல்லை.

இரவுப் போட்டியில் பேர் வாங்கிய எத்தனையோ ரைடர்கள் அதைத் தாண்டி எங்கும் போகாமலே நின்றுவிடுகிறார்கள். கைதட்டல் உடனே கிடைக்கிறது, கையில் கொஞ்சம் காசும் கிடைக்கிறது. ஆனால் அந்த ஆட்டங்களுக்குச் சான்றிதழ் மதிப்பு இல்லை. மாவட்ட அணி, மாநில அணி, பல்கலைக்கழக அணி என்று ஏறினால்தான் வேலைக்கான விண்ணப்பத்தில் எழுத ஏதாவது இருக்கும். இந்தப் பாதை குறுகும் முதல் இடம் இதுதான்.

சிவகாசியிலிருந்து சாத்தூர் வந்து நான்கு வழிச்சாலையில் தெற்கே திரும்பினால் கோவில்பட்டி. அது ஹாக்கி ஊர். செயற்கைப் புல் மைதானமும், அரசு நடத்தும் பயிற்சி மையமும் அங்கே இருக்கின்றன. அங்கே பயிற்சி பெற்ற மாரீஸ்வரன் சக்திவேலும் கார்த்தி செல்வமும் 2022 ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு ஆடினார்கள். ஓர் ஊரில் நல்ல மைதானமும் முறையான பயிற்சியும் பல ஆண்டுகள் தொடர்ந்து இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கோவில்பட்டி கண்கூடான சான்று. கபடிக்குப் பெரிய செலவு வேண்டாம் என்பது அதன் பலம். அதையே காரணமாகக் காட்டி யாரும் செலவு செய்யாமல் விட்டது அதன் துரதிருஷ்டம்.

திருநெல்வேலியைத் தாண்டித் தாமிரபரணிப் பாசன நிலங்களுக்குள் போனால் நிறம் மாறிவிடுகிறது. கரிசலுக்குப் பதில் வாழையும் நெல்லும். மணத்தி இந்தப் பக்கத்து ஊர். கபடிக்காரர்கள் மத்தியில் இந்த ஊரின் பெயரும் ஒரு மனிதரின் பெயரும் சேர்ந்தே வரும்: மணத்தி கணேசன். 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டியில்தான் கபடி பதக்க ஆட்டமாகச் சேர்க்கப்பட்டது. முதல் தங்கம் இந்தியாவுக்கு. அடுத்த 1994 ஹிரோஷிமா போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் கணேசன் இருந்தார். 1995ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது அவருக்குக் கிடைத்தது. லீக் இல்லை, ஏலம் இல்லை, தொலைக்காட்சி நேரலை இல்லை. ஒரு கிராமத்து மண் களத்திலிருந்து தேசிய அணிவரை போக அப்போது இருந்த ஒரே ஏணி, பள்ளி அணி, நிறுவன அணி, மாநில அணி என்ற வரிசைதான்.

அவர் வாழ்க்கையைத் தழுவி இயக்குநர் மாரி செல்வராஜ் எடுத்த ‘பைசன்’ படம் 2025 அக்டோபரில் வெளிவந்தது. துருவ் விக்ரம் நடித்தார். தென் மாவட்டங்களில் 1990களில் ஒரு விளையாட்டுக்காரன் எந்த ஊர்ப் பேருந்தில் ஏறலாம், எந்த அணியில் சேரலாம் என்பதைக்கூடச் சாதிச் சண்டைகள் தீர்மானித்த சூழலை அந்தப் படம் பேசியது. இது கபடிக்கு வெளியே உள்ள செய்தி அல்ல. ஊர் அணிகள் பல தெரு அணிகளாகவும், தெரு என்பது சாதியாகவும் இருக்கும் இடத்தில், திறமையுள்ள பையனைத் தேர்வு செய்யும் முதல் கை யாருடையது என்பது அவன் வாழ்க்கையை முடிவு செய்துவிடும். பள்ளி அணிகளின் பெரிய நன்மை அங்கேதான் இருக்கிறது. அங்கே பையன்களைக் கலந்து நிறுத்த ஓர் ஆசிரியரால் முடியும்.

மீண்டும் விருதுநகர். மாவட்ட விளையாட்டரங்கத்துக்கு வரும் பையன் இங்கே முதல் முறையாக ‘மேட்’ என்ற விரிப்பில் ஆடப் பழக வேண்டியிருக்கலாம். மண்ணில் கால் கொஞ்சம் வழுக்கி நிற்கும், மேட்டில் போட்ட இடத்தில் ஷூ பிடித்துக்கொள்ளும். வேகம் கூடுகிறது, திரும்புவது கூர்மையாகிறது, முழங்காலில் விழும் சுமையும் கூடுகிறது. மண்ணில் மூன்று ஆண்டு ராஜாவாக இருந்த ரைடர் மேட்டில் முதல் மாதம் தடுமாறுவது வழக்கம். நல்ல பயிற்சியாளர்கள் அதைப் பார்த்து யாரையும் ஒதுக்குவதில்லை.

இங்கிருந்து படிகள் தெளிவானவை. மாவட்ட அமெச்சூர் கபடிக் கழகத்தின் தேர்வில் சப்-ஜூனியர், ஜூனியர், சீனியர் அணிகள் உண்டு. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளிலும் கபடி இருக்கிறது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்தால் தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி மூன்றும் உறுதி. கூலி வேலை பார்க்கும் வீட்டுப் பிள்ளைக்கு இது சின்ன உதவி அல்ல. கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்வதும், பல்கலைக்கழக அணிக்கு ஆடுவதும் அடுத்த படி. அதன் பிறகு வேலை. ரயில்வே, பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை, காவல்துறை, ராணுவம், வருமானவரித் துறை, வங்கிகள், மின்வாரியம் என்று கபடிக்காரர்களை எடுத்த நிறுவனங்களின் வரிசை நீளம். இந்தியன் ரயில்வே அணி தேசியப் பட்டத்தைப் பலமுறை வென்ற அணி. தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு.

துறை அணியில் வேலை கிடைத்த ரைடரின் நாள், காலையில் பயிற்சி, பிறகு அலுவலகம் என்று அமைகிறது. போட்டிக் காலத்தில் பயிற்சி முகாமுக்காக விடுப்பு உண்டு. முக்கியமான விஷயம், ஆட்டம் நின்றுபோன பிறகும் சம்பளம் நிற்பதில்லை. 25 வயதில் முழங்கால் போய்விட்டாலும் 60 வயதுவரை வேலை இருக்கிறது. ஆமத்தூர் பக்கத்து ஒரு தாய்க்கு லீக்கில் ஏலம் போவதையும் ரயில்வேயில் நிரந்தர வேலையையும் காட்டி எது வேண்டும் என்று கேட்டால் அவர் தயங்கவே மாட்டார். அவருடைய கணக்கு சரியான கணக்கு.

பெண் ரைடர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் இறுக்கமானது. ஆசியப் போட்டியில் பெண்கள் கபடி 2010 குவாங்சோவில்தான் சேர்ந்தது. இந்தியா 2010, 2014, பின்னர் 2023இல் ஹாங்சோவில் நடந்த போட்டி ஆகியவற்றில் தங்கம் வென்றது, 2018இல் வெள்ளி. பதக்கம் இவ்வளவு வந்தும் ஆண்களுக்கு இருப்பதுபோல ஆண்டுதோறும் நடக்கும் புரோ லீக் பெண்களுக்கு அமையவில்லை. 2016இல் மூன்று அணிகளோடு ஒரு முயற்சி நடந்து அதோடு நின்றது. ஆகவே துறை வேலை மட்டுமே அவர்களுக்கு உள்ள தொழில்வழி. சென்னை கண்ணகி நகர் கார்த்திகா 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த இளையோர் ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியின் துணைத் தலைவியாகத் திரும்பி வந்தபோது, தமிழ்நாடு அரசு 25 லட்சம் ரூபாய் கொடுத்தது. அதே போட்டியில் தங்கம் வென்ற ஆண்கள் அணியில் இருந்த வடுவூர் அபினேஷுக்கும் அதே தொகை. மறுகுடியேற்றப் பகுதி என்று மட்டுமே பேசப்பட்டு வந்த கண்ணகி நகரைப் பற்றிப் பேச்சு மாறியது அந்தப் பெண்ணால்தான்.

விருதுநகர் சந்திப்பில் இரவு பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் எழும்பூர். அங்கிருந்து பெரியமேட்டில் உள்ள ஜவாஹர்லால் நேரு உள்விளையாட்டரங்கம் பக்கம்தான். 2018 அக்டோபரில் புரோ கபடியின் ஆறாவது சீசன் இங்கேதான் தொடங்கியது. தமிழ் தலைவாஸ் அணி அதற்கு முந்தைய ஆண்டு, லீக் எட்டு அணிகளிலிருந்து 12 அணிகளாக விரிந்தபோது உருவானது. முதல் தலைவர் அஜய் தாக்கூர், இமாச்சலப் பிரதேசத்துக்காரர். முதல் பயிற்சியாளர், 2014இல் முதல் சீசன் பட்டத்தை ஜெய்ப்பூருக்கு வாங்கிக் கொடுத்த தமிழர் காசிநாதன் பாஸ்கரன்.

லீக்கில் ரைடருக்கு விலை உண்டு. 2014 ஏலத்தில் அதிகபட்சமாகப் போனவர் ராகேஷ் குமார், பாட்னா அணி கொடுத்தது 12.8 லட்சம். 2018இல் மோனு கோயத்துக்கு 1.51 கோடி. 2022இல் பவன் செராவத்தைத் தமிழ் தலைவாஸ் 2.26 கோடிக்கு எடுத்தது. மறு ஆண்டு அவரையே தெலுகு டைட்டன்ஸ் 2.6 கோடிக்கு மேல் கொடுத்து வாங்கியது. ஒன்பது ஆண்டில் உச்ச விலை 20 மடங்கு. ஆனால் ஏலத்தின் அடித்தளத்தில், டி பிரிவில், அடிப்படை விலை 9 லட்சம். அதற்கும் கீழே, புதிய இளம் வீரர்கள் என்ற கணக்கில் அணிகள் நேரடியாக எடுக்கும் பையன்கள். ஆமத்தூரிலிருந்து ஒருவர் வந்தால் நுழையும் கதவு இதுதான். தமிழ்நாட்டு ரைடர்களில் கே. பிரபஞ்சன் தமிழ் தலைவாஸ், குஜராத், ஹரியானா என்று ஆடிவிட்டு 2021 ஏலத்தில் 71 லட்சத்துக்குத் தலைவாஸுக்கே திரும்பினார். தமிழகத்தின் சந்திரன் ரஞ்சித் 2022இல் குஜராத் அணிக்கே தலைவரானார். சொந்த மாநில அணியைவிட வெளி மாநில அணிகளே தமிழ்நாட்டு ரைடர்களை அதிகம் நம்பியது உண்டு. தலைவாஸ் ரசிகர்களின் பழைய மனக்குறை அது, அதில் நியாயமும் இருக்கிறது.

ரைடரின் வாழ்க்கையை வெளியுலகில் ஒன்றோடு ஒப்பிட வேண்டுமென்றால் அமெரிக்கக் கால்பந்தின் ‘வைடு ரிசீவர்’ பக்கத்தில் வருவார். அவரும் எதிரணிக் கூட்டத்துக்குள் தனியாக ஓடுபவர், ஏமாற்றுக் காலடியால் இடம் உண்டாக்குபவர், பந்து கைக்கு வந்ததும் இரண்டு மூன்று பேரால் வீழ்த்தப்படுபவர். அந்த இடத்தில் எக்காலத்திலும் பெரியவராகக் கருதப்படும் ஜெர்ரி ரைஸ் மிசிசிப்பி மாநிலத்தில் ஒரு கொத்தனாரின் மகன். அப்பாவோடு கட்டட வேலைக்குப் போய் செங்கல் பிடித்துப் பிடித்துக் கை பழகியவர். பெரிய பெயர் இல்லாத ஒரு கறுப்பினக் கல்லூரியில் ஆடி, 1985இல் சான் பிரான்சிஸ்கோ அணிக்குத் தேர்வானார். 2004வரை ஆடிச் சேர்த்த 22,895 கெஜத்தை யாரும் நெருங்கவில்லை. அந்த நாட்டில் பள்ளி முடித்து மூன்று ஆண்டு ஆகாதவரைத் தொழில்முறை லீக்கில் சேர்க்க மாட்டார்கள். அந்த ஆண்டுகளில் கல்லூரி அணி ஆட்டக்காரரைத் தாங்குகிறது. இங்கே அந்தத் தாங்கலைத் துறை அணியும் விளையாட்டு விடுதியும் தருகின்றன. இரண்டில் ஒன்றும் கிடைக்காத பையனுக்கு இடையில் எதுவும் இல்லை.

இரண்டு ஆட்டங்களிலும் வாழ்க்கையை முறிப்பது முழங்கால். 2022 அக்டோபரில் பெங்களூரில், தலைவாஸுக்காகப் பவன் செராவத் ஆடிய முதல் ஆட்டம் குஜராத்துக்கு எதிராக. ஆட்டம் தொடங்கிச் சற்று நேரத்தில் எதிரணி ரைடரைப் பிடிக்கப் போனவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஸ்ட்ரெச்சரில் வெளியே போனவர் அந்த சீசனுக்குத் திரும்பவே இல்லை. ஆட்டம் 31-31 என்று சமனில் முடிந்தது. 2.26 கோடி கொடுத்த அணி, அவர் இடத்தில் ஹரியானாவிலிருந்து வந்த நரேந்தர் என்ற புதுப் பையனை நிறுத்த வேண்டியதாயிற்று. அவர் அந்த முதல் சீசனிலேயே 200க்கு மேல் ரெய்டு புள்ளி எடுத்தார். தலைவாஸ் முதல் முறையாக அரையிறுதிவரை போய்ப் புனேயிடம் தோற்றது. காயம் பட்டவர் கோடி ரூபாய் ஆட்டக்காரர் என்பதால் அறுவை சிகிச்சை, பிசியோதெரபி எல்லாம் முறையாக நடந்து, மறு ஆண்டு ஆசியப் போட்டியில் இந்திய அணிக்குத் தலைவராகத் தங்கம் வென்றார். மின்னொளிப் போட்டியில் அதேபோல முழங்கால் லிகமெண்ட் கிழிந்த பையனுக்குக் கிடைப்பது எலும்பு முறிவுக்குப் போடும் எண்ணெய்க் கட்டும், ‘கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு’ என்ற யோசனையும்தான். சரியாகச் சிகிச்சை செய்யாத முழங்காலோடு மறுபடி இறங்கி நிரந்தரமாக ஆட்டத்தை விடுகிறவர்கள் ஏராளம். போட்டி நடத்தும் ஊர்கள் பரிசுத் தொகையில் ஒரு பகுதியைக் காப்பீட்டுக்கு ஒதுக்கினாலே இதில் பாதி குறையும்.

காயம் இல்லாவிட்டாலும் காலம் சீக்கிரம் முடிகிறது. ஹரியானாவின் பர்தீப் நர்வால் லீக் கண்ட மிகப் பெரிய ரைடர். பிடிக்க வருபவர்களின் கை வளையத்துக்குக் கீழே குனிந்து நழுவும் ‘துப்கி’க்குப் பேர் போனவர். 2017 சீசனில் மட்டும் 369 ரெய்டு புள்ளி எடுத்தார். அதே சீசனில் ஒரே பாட்டில் எட்டுப் புள்ளி எடுத்ததும் உண்டு. பாட்னா தொடர்ந்து மூன்று முறை பட்டம் வென்றதில் அவருக்குப் பெரும்பங்கு. அப்படிப்பட்டவரை 2025 ஏலத்தில் எந்த அணியும் எடுக்கவில்லை. 28 வயதில் ஓய்வை அறிவித்தார். ரைடரின் கால் வேகம் ஒரு விநாடியில் சின்னப் பங்கு குறைந்தாலும் கார்னர் பிடித்துவிடுவார், ஏல மேசைக்கு அது உடனே தெரிந்துவிடும்.

பிடிகாரர்களுக்குக் காலம் கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது. தஞ்சாவூர்ப் பக்கத்துத் தர்மராஜ் சேரலாதன் 2016இல் பாட்னாவுக்குத் தலைவராகப் பட்டம் வென்றார், அதே ஆண்டு உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார், 2019இல் 44 வயதில் ஹரியானா அணிக்குத் தலைமை தாங்கினார். பிடிகாரருக்கு அனுபவமே பாதி வேகம். ரைடருக்கு அப்படி இல்லை. 30ஐ நெருங்கும் ரைடர்கள் பிடிகாரராக மாறிப் பார்ப்பதும், மூன்றாவது ரைடராக ‘டூ ஆர் டை’ பாட்டுக்கு மட்டும் இறங்குவதும் அதனால்தான். தொடர்ந்து இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பிய அணி, மூன்றாவது முறை புள்ளி எடுத்தே ஆக வேண்டும் என்பது அந்த விதி. பதற்றம் அதிகம், ஆனால் ஓட்டம் குறைவு.

ஆட்டம் நின்ற பிறகு உள்ள வழிகள் மூன்று. துறை வேலையில் இருப்பவர் அங்கேயே பதவி உயர்ந்து, தன் அணிக்குப் பயிற்சியாளராகவோ தேர்வாளராகவோ ஆகலாம். பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்சியாளர் பட்டயம் முடித்தவருக்கு விளையாட்டு விடுதி, பல்கலைக்கழகம், லீக் அணி என்று வாய்ப்பு விரிகிறது. சேரலாதன் 2024இல் தமிழ் தலைவாஸின் பயிற்சிக் குழுவில் சேர்ந்தார், அப்போது உதயகுமார் தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். மூன்றாவது வழி நடுவர் தேர்வு எழுதுவது. மாவட்டப் போட்டியில் தொடங்கி மாநிலம், தேசியம் என்று அதற்கும் படிகள் உண்டு. உடற்கல்விப் பட்டம் படித்தவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள். ஆமத்தூர், திருத்தங்கல், சிவகாசிப் பள்ளிகளில் அடுத்த ரைடரை முதலில் பார்க்கப்போவது அந்த ஆசிரியர்தான். அந்தப் பணியிடம் காலியாகக் கிடக்கும் பள்ளியில் சுவரொட்டியைப் பார்த்து மின்னொளிப் போட்டிக்குப் போகும் வழி மட்டுமே பையனுக்குத் தெரியும், மாவட்டத் தேர்வு எந்தத் தேதியில் என்பது அவன் காதுக்கு வருவதில்லை.